வேண்டாம் என்று சொல்ல பேங்கில் ஆள் உண்டா? நிர்வாகம், நம்பிக்கை, ரிஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தோரு வருடம் பேங்க் வேலை. அரூர், பாலக்கோடு, போச்சம்பள்ளி, ஓசூர் என்று சுற்றிச் சுற்றி இந்த வட்டாரத்திலேயே கழிந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது தர்மபுரி ஒரே மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004இல். ரிட்டயர் ஆனதும் கேள்விகள் நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. டீக்கடையிலும் பந்தியிலும் கேட்கிறார்கள், சாவு வீட்டில்கூட ஓரமாகக் கூப்பிட்டு, “சார், அந்த பேங்க்ல போட்டது சேஃப்தானே?” என்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் தேவையில்லை.

பேங்க் ‘ரிஸ்க் எடுக்கிறது’ என்கிறார்களே, நம் பணத்தை வைத்துச் சூதாடுகிறார்களா?

கடன் கொடுப்பதே ரிஸ்க்தான். நீங்கள் போடும் நூறு ரூபாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாகவும் அரசுப் பத்திரமாகவும் போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி கடனாகப் போகும். போகும் பணம் திரும்பி வராமலும் போகலாம். அதைச் சூதாட்டம் என்று சொல்ல முடியாது, அதுதான் தொழில்.

கவனிக்க வேண்டியது, போகும் பணத்தில் யாருடைய பணம் எவ்வளவு என்பதை. ரிஸ்க்குக்கு ஏற்ப எடை போட்டுக் கணக்கிட்ட கடனில் நூற்றுக்கு 9 ரூபாயாவது பேங்கின் சொந்த மூலதனமாக இருக்கவேண்டும் என்பது இங்கே விதி. வணிக வங்கிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு ஒதுக்கீட்டையும் சேர்த்தால் 11.5. மீதியெல்லாம் உங்கள் பணம், என் பணம். லாபம் வந்தால் நமக்கு வட்டி மட்டும், மிச்சம் முதலாளிக்கு. நஷ்டம் வந்தால் முதலாளிக்கு அந்த 9 ரூபாயோடு சரி, அதைத் தாண்டியது அடுத்தவன் தலையில். துணிச்சலுக்கு வேறு காரணம் வேண்டுமா?

நம்ம ஊர் உதாரணம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலைகள் நிறைய. வருடத்தில் சில வாரம்தான் சீசன். அந்த வாரங்களில் பெங்களூரா ரக மாங்காய் வந்து குவியும், ரொக்கம் கொடுத்து வாங்கி, கூழாக்கி, டிரம்மில் அடைத்து, வருடம் பூராவும் விற்பார்கள். அதற்கு பேங்க் பணம் கட்டாயம் வேண்டும், கொடுப்பதும் நியாயம்தான். ஆனால் ஒரு கிளையின் பெரிய கடன் எல்லாமே மாங்கூழுக்கே போயிருந்தால்? வெளிநாட்டு ஆர்டர் ஒரு வருடம் படுத்தால் எல்லாக் கணக்கும் சேர்ந்தே படுக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கடனும் நல்ல கடன்தான். மொத்தமாக எடுத்து வைத்துப் பார்த்து, “இதுக்கு மேல இந்தத் தொழிலுக்கு வேண்டாம்” என்று சொல்ல ஒருவர் இருக்கவேண்டும். அவர் இருக்கிறாரா, அவர் சொன்னால் எடுபடுகிறதா என்பதைத்தான் நிர்வாகம் என்கிறேன்.

நல்ல நிர்வாகம் என்றால் சரியாக என்ன?

ஏ.சி., டோக்கன் மெஷின், சிரித்த முகம் எல்லாம் சேவை. நிர்வாகம் வேறு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரூரில் இருந்தேன். பணப்பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று தலைமை கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒரு சனிக்கிழமை மேனேஜர் கேஷியரிடம், “உன் சாவியையும் கொடுத்துட்டுப் போப்பா, திங்கக்கிழமை உன் தங்கச்சி கல்யாணம், காலைல உன்னைத் தேடணுமா?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். கேஷியர் பை தைத்த வேட்டி மடிப்பில் கையை வைத்துக்கொண்டே, “எழுதிக் கொடுங்க சார், கொடுத்துடறேன். யார்கிட்ட கொடுக்கிறேன்னு ரிஜிஸ்டர்ல இருக்கணும்ல” என்றார். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுதவும் இல்லை, வாங்கவும் இல்லை. முறைப்படி வேறொரு கேஷியருக்குச் சாவி மாற்றி ரிஜிஸ்டரில் கையெழுத்தானது. அப்புறம் இரண்டு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லை.

அந்த மேனேஜர் நேர்மையானவர், ஒரு ரூபாய் தொடமாட்டார். அந்தச் சனிக்கிழமை ஒன்றும் நடந்திருக்காது. இருந்தாலும் என் முப்பத்தோரு வருடத்தில் நிர்வாகம் என்பதைக் கண்ணால் பார்த்த இடம் எது என்று கேட்டால் அந்த வேட்டி மடிப்பைத்தான் சொல்வேன்.

கிளையில் சாவி என்றால், தலைமையகத்தில் போர்டு, ஆடிட் கமிட்டி, ரிஸ்க் அதிகாரி. அமெரிக்காவில் 2023 மார்ச்சில் கவிழ்ந்த சிலிக்கான் வேலி பேங்கில், அதற்கு முந்தைய வருடத்தின் பெரும்பகுதி தலைமை ரிஸ்க் அதிகாரி நாற்காலியே காலியாகக் கிடந்தது. வட்டி விகிதம் ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. நீண்டகாலப் பத்திரங்களைக் குவித்து வைத்திருந்த பேங்குக்கு அதைவிட மோசமான வருடம் வராது. வேண்டாம் என்று சொல்லவேண்டிய ஆளுக்கு அன்று நாற்காலி மட்டும்தான் இருந்தது.

பங்குதாரருக்கு நல்ல நிர்வாகம் நடந்தால் டெபாசிட் போட்டவனுக்கும் நல்லதுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படியே நினைத்திருந்தேன்.

லூக் லேவன், ராஸ் லெவின் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பல நாட்டு வங்கிகளை எடுத்து ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய பங்கைக் கையில் வைத்து, பலமாகக் குரல் கொடுக்கக்கூடிய முதலாளி இருக்கும் வங்கி கூடுதலாக ரிஸ்க் எடுக்கிறது என்பது அதன் முடிவு. 2007-08 நெருக்கடியைப் பற்றிய இன்னொரு ஆய்வில் பெல்ட்ராட்டியும் ஸ்டல்ஸும் கண்டது, பங்குதாரர் நலனுக்கு ஏற்ற போர்டு அமைந்த வங்கிகள் அந்த நெருக்கடியில் மற்றவற்றைவிட மோசமாக அடிபட்டன என்பது.

காரணம் மேலே சொன்ன அதே 9 ரூபாய்தான். பங்குதாரருக்கு ஏறினால் முழு ஏற்றம், இறங்கினால் போட்ட முதலோடு முடிந்தது. “துணிந்து போ” என்று சொல்வது அவருக்கு லாபம். அவர் பேச்சைத் தட்டாமல் கேட்கும் போர்டு, ஒரு நூல் மில்லுக்கு நல்ல நிர்வாகமாக இருக்கலாம். பேங்குக்கு அது போதாது. அந்த மேசையில் டெபாசிட் போட்டவனுக்காகப் பேசவும் ஒருவர் வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில், போர்டு தலைவர் சுயேச்சையான டைரக்டராக இருக்கவேண்டும், எம்.டி. (நிர்வாக இயக்குநர்) நாற்காலியில் ஒருவர் 15 வருடத்துக்கு மேல் உட்காரக் கூடாது, அவரே பெரும் பங்குதாரர் என்றால் 12 வருடம் என்றெல்லாம் தனியார் வங்கிகளுக்கு விதி போட்டது இதனால்தான்.

மக்கள் நம்பிக்கை அதிகமாக இருந்தால் பேங்கின் ரிஸ்க் குறையுமா, கூடுமா?

இரண்டும் நடக்கும். எந்த மாதிரி நம்பிக்கை என்பதைப் பொறுத்தது.

மனிதர்கள் ஒருவரையொருவர் பொதுவாக நம்பும் சமூகங்களில் வங்கிகள் குறைவாகவே ரிஸ்க் எடுக்கின்றன என்று நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. யோசித்தால் புரியும். சொன்ன சொல் காப்பாற்றுவது வழக்கமாக இருக்கும் ஊரில் கடன் வாங்கியவனும் கட்டப் பார்ப்பான், கொடுத்தவனும் கணக்கை மறைக்கக் கூசுவான். டெபாசிட்டும் நிலையாக இருக்கும். நிலையாக இருக்கிற பணத்துக்கு அதிக வட்டி தரவேண்டாம். அதிக வட்டி தராத பேங்க், அதை ஈடுகட்ட ஆபத்தான கடனைத் தேடிப் போகவும் வேண்டாம்.

அந்த நம்பிக்கை ஒரு ஆள் மேல் குவிந்துவிட்டால் கதை மாறும். “செயலாளர் நம்ம மாமாதானே”, “எங்க அப்பா காலத்திலிருந்து அந்த பேங்க்தான்” என்ற நம்பிக்கையில் யாரும் பாஸ்புக்கைப் பதிவு போடுவதில்லை, பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போவதில்லை, போனாலும் காபி குடித்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வந்துவிடுவார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் நல்லவனுக்கும் கை நீளும். முதலில் ஒரு வாரத்துக்கு என்று எடுப்பான், திருப்பி வைப்பான். அடுத்த முறை ஒரு மாதம்.

நான் பார்த்தவரை, ஏமாற்றப்பட்ட கூட்டுறவு அமைப்புகளில் நம்பிக்கைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

வெறும் வதந்தியால் நல்ல பேங்க் கவிழுமா?

கவிழும். டெபாசிட்டைக் கேட்டவுடன் கொடுக்கவேண்டும், கடனைக் கேட்டவுடன் வசூலிக்க முடியாது. எல்லோரும் ஒரே நாளில் வந்தால் எந்த பேங்கும் நிற்காது. அடுத்தவன் ஓடுவான் என்று நினைத்தால் நானும் ஓடுவதுதான் புத்திசாலித்தனம் என்பதை டக்ளஸ் டைமண்ட், பிலிப் டிப்விக் இருவரும் 1983இலேயே கணக்காக எழுதிக் காட்டினார்கள், 2022இல் நோபல் கிடைத்தது. சிலிக்கான் வேலி பேங்கில் 2023 மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்க முயன்றார்கள். வரிசையே இல்லை, எல்லாம் ஃபோனில்.

நான் பார்த்தது பழைய பாணி. போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஆடு, மாடு, தானியம், துணி என்று சுற்று வட்டாரமே அங்கேதான். ஒரு ஞாயிறு யாரோ, “அந்த பேங்க் மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கப் போகுதாம்” என்று பேச்சு கிளப்பிவிட்டார்கள். திவாலாகப் போகிறது என்று அர்த்தம். எங்கள் பேங்கைத்தான். திங்கள் காலை ஒன்பதரைக்கு ஷட்டருக்கு முன்னால் நாற்பது பேர், பத்து மணிக்கு ரோடு வரைக்கும்.

மேனேஜர் செய்த முதல் காரியம், பதினைந்து நிமிடம் முன்னதாகவே ஷட்டரைத் தூக்கச் சொன்னது. ஒரு கவுன்டர் இரண்டானது. கிருஷ்ணகிரியிலிருந்து பணம் வரவழைத்தார். யாரிடமும் “ஏன் எடுக்கிறீங்க?” என்று கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரத்துக்குக் கவுன்டர் மூடவில்லை. ஒரு பாட்டி 18,000 ரூபாய் எடுத்து, எண்ணி, முந்தானையில் முடிந்து, வராந்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்ட எல்லோருக்கும் பணம் கிடைப்பதைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு உள்ளே வந்து, முடிச்சை அவிழ்த்து, “திரும்பப் போட்டுக்கோ சாமி, வட்டி போயிடாதுல்ல?” என்றார்.

போய்விட்டது. அப்போதெல்லாம் மாதம் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் வட்டி. அன்று தேதி 14. தினசரி இருப்புக்கு வட்டி என்ற முறை 2010 ஏப்ரலில்தான் வந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன்.

அன்று எங்களைக் காப்பாற்றியது மேனேஜரின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. முந்தைய வருடங்களில் கிளை கண்டபடி கடன் கொடுத்திருக்கவில்லை, அதனால் மேலிடம் தயங்காமல் பணம் அனுப்பியது. ஓட்டைக் குடத்துக்கு எத்தனை கவுன்டர் திறந்தாலும் பயனில்லை. சென்னையில் 1906இல் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது அதுதான் நடந்தது. ஊரே நம்பிப் பணம் போட்ட வெள்ளைக்கார நிறுவனம், உள்ளே ஊக வியாபாரம். அந்த அடியில் பிறந்ததுதான் அடுத்த வருடம் தொடங்கிய இந்தியன் வங்கி. நம்மவர்கள் கண்ணுக்கு முன்னால் நம்மவர்கள் நடத்தும் வங்கி வேண்டும் என்று கிளம்பியது.

லட்சுமி விலாஸ், யெஸ் பேங்க், பி.எம்.சி. மூன்றும் ஒரே கதையா?

வேர் ஒன்று, கிளை வேறு.

மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி 2019 செப்டம்பரில் முடங்கியது. கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,049 போலிக் கணக்குகள். இருபத்தோராயிரம்! அதைப் பதிய எத்தனை பேர் வேண்டும், அதில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலில் ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள், பிறகு அதை உயர்த்தினார்கள்.

யெஸ் பேங்கில் நிறுவனரே எம்.டி. அவர் பதவிக்காலத்தை நீட்டிக்க ரிசர்வ் வங்கி 2018இல் சம்மதிக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய சைகை. 2020 மார்ச் 5ஆம் தேதி பணம் எடுக்கத் தடை வந்தது, 50,000 ரூபாய் வரம்பு. இரண்டு வாரத்துக்குள் ஸ்டேட் பேங்க் தலைமையில் மீட்டார்கள். டெபாசிட்காரர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்த பேங்கின் ஒருவகைக் கடன்பத்திரத்தை ‘எஃப்.டி. மாதிரிதான்’ என்று சொன்னதை நம்பி வாங்கியவர்களும் உண்டு. அதில் 8,415 கோடி ரூபாயைச் சுழியாக்கினார்கள்.

லட்சுமி விலாஸ் நமக்குப் பக்கம், 1926இல் கரூரில் பிறந்தது. வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த பேங்க் பின்னாளில் பெரிய கார்ப்பரேட் கடனுக்குள் இறங்கியது. கொடுத்ததில் ஏறக்குறைய கால்வாசி வாராக்கடன் ஆனது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஆண்டுக் கூட்டத்தில் எம்.டி. உட்பட 7 டைரக்டர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். நவம்பரில் தடை, 25,000 ரூபாய் வரம்பு, பத்தே நாளில் டி.பி.எஸ். பேங்கோடு இணைப்பு. டெபாசிட் முழுதும் தப்பியது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. “நம்ம பக்கத்து பேங்க்” என்ற பாசத்தில் பங்கு வாங்கி வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர் அந்தச் சான்றிதழை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

அரசு பேங்க் என்றால் பயமே வேண்டாமா?

டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ‘அரசு பார்த்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை டெபாசிட்காரனைப் போலவே கடன் கொடுக்கும் அதிகாரியையும் தூங்க வைக்கும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் செய்திருக்கிறேன். மார்ச் 30 இரவு. ஒரு ஆலைக் கணக்கில் 90 நாள் தாண்டப் போகிறது, தாண்டினால் வாராக்கடன். மேலிருந்து ஃபோன். அதே பார்ட்டிக்குப் புதுசாக ஒரு கடன் போட்டு, அதில் வந்த பணத்தால் பழைய வட்டியை அடைத்தோம். ஏப்ரல் 1ஆம் தேதி கணக்கு தங்கமாக ஜொலித்தது. வவுச்சரில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அரூர் கேஷியர் ஞாபகத்துக்கு வந்தார், ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

நாடு முழுக்க இப்படிப் போட்ட கையெழுத்துகள் வெளியே வந்தது 2015இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தரத்தைத் துருவிப் பார்த்தபோது. வங்கிகளின் மொத்த வாராக்கடன் 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2016-17 தொடங்கி ஐந்து நிதியாண்டுகளில் அரசு தன் வங்கிகளில் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் போட்டது. எல்லாம் நம் வரிப்பணம். நம்பிக்கை உடையவில்லை, பில் மட்டும் வேறு கவுன்டரில் வந்தது. அப்புறம் நிலைமை நன்றாகவே திருந்தியது; 2024 மார்ச்சில் அந்த விகிதம் 2.8 சதவீதம்.

டெபாசிட்டுக்கு 5 லட்சம் இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன கவலை?

இருக்கிறது, நல்லது. 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் மூழ்கியதை ஒட்டி, 1962இல் 1,500 ரூபாய் வரம்போடு தொடங்கியது. வெகுகாலம் 1 லட்சமாக நின்று, 2020 பிப்ரவரியில் 5 லட்சமானது. அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு பேங்குக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம். தர்மபுரி கிளையில் மூன்று, பென்னாகரம் கிளையில் மூன்று என்று பிரித்துப் போட்டாலும் பேங்க் ஒன்று என்றால் வரம்பும் ஒன்றுதான். ரிசர்வ் வங்கி ஒரு பேங்கை முடக்கினால் 90 நாளில் இந்தத் தொகை கைக்கு வரவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தினார்கள்.

இதன் மறுபக்கம்: இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தெரிந்தால் டெபாசிட்காரன் பேங்கைக் கவனிப்பதில்லை, கவனிக்க ஆளில்லாத பேங்க் துணிகிறது. 61 நாடுகளை வைத்து உலக வங்கி ஆய்வாளர் தெமிர்கூச்-குன்ட் தன் சக ஆய்வாளரோடு செய்த ஆய்வு 2002இல் வந்தது. டெபாசிட் காப்பீடு வங்கி நெருக்கடிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, அதுவும் சட்டமும் மேற்பார்வையும் பலவீனமான நாடுகளில் அதிகமாக என்று அதில் கண்டார்கள். நல்ல நிர்வாகம் இருக்கும் இடத்தில் காப்பீடு குடை. இல்லாத இடத்தில் அதுவே துணிச்சலுக்குத் துணை.

நம் நாட்டில் வெகுகாலமாக எல்லா பேங்குக்கும் ஒரே பிரீமியம், 2020 முதல் நூறு ரூபாய்க்கு வருடம் 12 காசு. ஒழுங்காக ஓட்டுபவனுக்கும் குடித்துவிட்டு ஓட்டுபவனுக்கும் ஒரே வண்டி இன்சூரன்ஸ் மாதிரி. ரிஸ்க்குக்கு ஏற்றாற்போல் பிரீமியம் மாறும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் அறிவித்தது. ரொம்பத் தாமதம், ஆனாலும் சரி.

எங்க ஊர் சொசைட்டியில் போட்டிருக்கிறேன். அதற்கும் 5 லட்சம் உண்டா?

இல்லை. இதைச் சத்தமாகவே சொல்கிறேன். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு (நம் இரண்டு மாவட்டத்துக்கும் தர்மபுரியுடையதுதான்) அந்தக் காப்பீடு உண்டு. கிராமத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதாவது நாம் சொசைட்டி என்பது, அதில் வராது. இரண்டு போர்டிலும் ‘கூட்டுறவு’ என்று எழுதியிருப்பதால் ஜனங்கள் ஒன்று என்று நினைக்கிறார்கள்.

சொசைட்டியில் ஒரு வசதி, உறுப்பினர் என்றால் நீங்களும் ஒரு முதலாளி. கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். ஒரு சிக்கல், தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் ஒருவரே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுவார். இன்னொரு சிக்கல் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. அது எத்தனை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று கண்ணால் பார்த்தவன் நான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த தேர்தல் நெருங்கும்போது கட்டக்கூடியவர்களும், “பொறுங்க சார், பார்க்கலாம்” என்பார்கள். ஒழுங்காகக் கட்டிய பக்கத்துத் தோட்டக்காரர் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

நகைக்கடனில் என்ன ரிஸ்க்? தங்கம்தான் கையில் இருக்கிறதே?

கையில் இருப்பது தங்கம்தானா என்பதே முதல் ரிஸ்க். அதைச் சொல்பவர் அப்ரைசர் ஒருவர். உரைகல்லில் தேய்த்து, ஆசிட் சொட்டு விட்டு, தராசில் வைத்து அவர் சொல்வதுதான் வேதம். பல இடங்களில் அவருக்குச் சம்பளம் கிடையாது, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன். கடன் கூடினால் அவர் வருமானம் கூடும். இந்த ஏற்பாட்டைப் போட்டவர் எந்த நினைப்பில் போட்டாரோ. வேறு கிளை அப்ரைசரை வைத்துத் திடீர் மறுமதிப்பீடு செய்யும் பேங்கை நம்பலாம். பத்து வருடமாக ஒரே ஆள், யாரும் திரும்பப் பார்த்ததில்லை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வாடிக்கையாளர் எதிரில் இல்லாமல் மதிப்பிடுவது, ஏலத்தை ஒழுங்காக நடத்தாதது என்று பல ஓட்டைகளை ரிசர்வ் வங்கியே 2024 செப்டம்பரில் பட்டியலிட்டது. அதன்பின் விதிகள் இறுகின. பழைய கடனை முழுதும் கட்டித்தான் நகையை மறுபடி அடகு வைக்க முடியும் என்றானபோது, பேங்க் வாசலிலேயே ஒரு நாள் பணம் கொடுத்து வட்டி பிடுங்கும் ஆட்கள் முளைத்தார்கள். விதி சரியாக இருந்தும் ஏழை மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

மேனேஜர் ரொம்ப நல்லவர். அது போதாதா?

போதாது. மூன்று வருடத்தில் அவருக்கு டிரான்ஸ்ஃபர்.

மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் தரும் நிறுவனம்?

அதை பேங்க் ரிஸ்க் என்ற தலைப்பில் பேசவே கூடாது. ஈமு கோழிப் பண்ணை கவிழ்ந்த 2012ஐ மேற்கு மாவட்டங்களில் மறந்திருக்கமாட்டார்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே 1997இலிருந்து தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இருக்கிறது.

சரி, என்னைப் போன்ற சாதாரண ஆள் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பேலன்ஸ் ஷீட் படிக்க வராவிட்டாலும் சில விஷயம் கண்ணில் படும். மற்ற பேங்குகள் ஒரு வட்டி தரும்போது ஒன்று மட்டும் ஒன்றரை சதவீதம் கூடத் தருகிறதா? பணத்துக்கு அலைகிறது என்று அர்த்தம், ஏன் அலைகிறது என்று கேளுங்கள். ஆடிட்டர் பாதியில் விலகினார், எம்.டி.யின் காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியது, டைரக்டர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள் என்ற செய்திகள் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வரும். அவைதான் முதல் புகை. பேங்க் வெப்சைட்டில் மூலதன விகிதம், நிகர வாராக்கடன் என்ற இரண்டு எண் இருக்கும். முதலாவது 9ஐ ஒட்டிக்கொண்டு நின்றால் யோசிக்கவும், இரண்டாவது வருடத்துக்கு வருடம் ஏறினால் அதைவிட யோசிக்கவும்.

பிறகு உங்கள் கிளையையே பாருங்கள். எஃப்.டி. போடப் போனவரை இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்துப் போட வைக்கிறார்களா? ஊழியர் மேல் டார்கெட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல். புகார் இருந்தால் முதலில் பேங்கிடம் எழுத்தில் கொடுத்து, முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

கடைசியாக, நீங்கள் உங்கள் பணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

இதைக் கேட்காத ஆள் இல்லை. பென்ஷன் வருவது ஒரு பேங்க், எஃப்.டி. வேறு இரண்டு பேங்கில், எதிலும் வட்டியோடு சேர்த்து 5 லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். நாமினி பெயரை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பேன். மூலதன விகிதம், வாராக்கடன் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் மனைவி மட்டும் தன் பணத்தை எங்கள் தெரு போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி.யாகப் போடுகிறார். ஏன் என்று கேட்டேன். அங்கே இருக்கும் பெண் அவருடைய ஊராம், காரிமங்கலம் பக்கம். “நல்ல பொண்ணுங்க” என்றார். பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கினாயா என்று கேட்டதற்கு, “அவகிட்டயே இருக்கு, பத்திரமா வச்சிருக்கா” என்கிறார். நாளைக் காலை பத்து மணிக்குப் போகப் போகிறேன்.